பந்தைத் திருப்பிக் கொடுக்காத ஆட்டம்

பேஸ்பால் என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே அதன் குப்பை எனக்குத் தெரிந்துவிட்டது. சூரியகாந்தி விதைத் தோல். முதல் நாள் அணியை ஹோட்டலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து என் காலடி வரை தோல்தான். வாயிலேயே உரித்து, பருப்பைத் தின்றுவிட்டு, தோலை அப்படியே துப்பியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் வெற்றிலை போடுகிறவர்கள்கூட ஓர் ஓரமாகப் போய்த்தான் துப்புவார்கள். விளக்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அன்றைக்கு நான் திட்டிய திட்டைப் புரிந்துகொள்ள பக்கத்தில் தமிழர் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். குடும்பத்தோடு அஜ்மானில் இருக்கிறேன், வாடகை அங்கேதான் கட்டுப்படியாகிறது. அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கட்டட சைட்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் எனக்குப் பல வருஷமாக டூட்டி. குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் எங்கள் கம்பெனிக்கு ஒரு புதிய கான்ட்ராக்ட் கிடைத்தது. துபாயில் புதிதாக நடத்தும் பேஸ்பால் போட்டியில் ஓர் அணிக்கு சீசன் முடியும்வரை பஸ் விட வேண்டும். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுகிற டிரைவர் வேண்டுமாம். மற்றவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்க, நான் மட்டும் என்ன ஆட்டம் அது என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

ஆட்டம் நடக்கும்போது டிரைவருக்கு வேலை கிடையாது. ஏசியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் படுத்துவிடலாம். ஆனால் பக்கத்தில் ஒன்று நடந்து, அது எனக்குப் புரியாமல் இருந்தால், சாப்பிட்டது செரிக்காது. பிறவிக் குணம். ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகைக்குப் பக்கத்தில், கம்பிவலை ஓரமாக, தண்ணீர் கொண்டுவருகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் நிற்க ஓர் இடம் இருந்தது. சீசன் முழுக்க நானும் அங்கேயே போய் நின்றுகொண்டேன்.

நான் கிரிக்கெட்காரன். லீவு நாளில் மணல் திடலில் டென்னிஸ் பந்தை வைத்து நாள் முழுக்க ஆடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். அதனால் அங்கே பார்த்ததெல்லாம் எனக்கு விசித்திரமாகவே இருந்தது. அடித்தவன் ஏன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறான்? பந்து காலடியிலேயே விழுந்தாலும் ஓடியே தீர வேண்டும் என்பது என்ன நியாயம்? நம் ஆட்டத்தில் தட்டிவிட்டு, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கலாமே. ஓடிப்போய் ஒரு மூலையில் நிற்கிறவர்கள், பந்து வீசுகிற பிட்சர் அசந்த நேரம் பார்த்து அடுத்த மூலைக்கு ஓடிவிடுகிறார்கள், அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே திருட்டு. திருடிவிட்டு வந்தவனை எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். அணியின் மேனேஜருக்கு அறுபது வயதிருக்கும், நல்ல தொப்பை. அவரும் ஆட்டக்காரர்கள் மாதிரியே முழு யூனிஃபார்ம் மாட்டி, பெல்ட் கட்டி உட்கார்ந்திருப்பார். யாருக்காவது அடிபட்டால் இவர் இறங்கி ஆடுவார் போலிருக்கிறது என்று ஒரு வாரம் ஆசையோடு காத்திருந்தேன். இறங்கவில்லை.

தோல்வியை அவர்கள் எடுத்துக்கொண்ட விதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முதல் வாரம் வரிசையாகத் தோற்றார்கள். நாம் ஒரு மேட்ச் தோற்றால் ரூமில் யாருக்கும் சோறு இறங்காது, யாரால் தோற்றோம் என்ற பஞ்சாயத்து ஒரு வாரம் ஓடும். இவர்களோ மறுநாள் அதே பாட்டு, அதே சிரிப்பு, அதே விதை. சூடு சொரணை இல்லாத கூட்டமோ என்று நினைத்தேன். கேட்டபோது, தினமும் ஆடுகிறவனுக்கு தினமும் அழ நேரம் ஏது என்று ஒருவர் சொன்னார்.

சொன்னவர் அந்த அணியின் பிட்சர்களில் ஒருவர். டொமினிக்கன் நாட்டுக்காரர், நாற்பதை நெருங்குகிற வயது, தாடியில் நரை. எனக்கு நேர் பின்னால் இருந்த முதல் சீட்டில்தான் எப்போதும் உட்காருவார். விதை தின்ன மாட்டார், எனக்கு அவரைப் பிடித்துப்போக அது ஒன்றே போதும். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே தரம், ஆகவே எங்கள் பேச்சுக்கு எந்தத் தடங்கலும் இல்லை. நான் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பேன். அவர் வழியில் தெரிகிற எதையாவது காட்டிக் கேட்பார். ஒட்டகப் பந்தயம் எங்கே நடக்கும், இந்த ஆட்கள் எல்லாம் ஏன் ஒரே நிறத்தில் சட்டை போட்டிருக்கிறார்கள், நீ எப்போது வீட்டுக்குப் போவாய், இப்படி.

ஒருநாள் டிராஃபிக்கில் நின்றபோது தன் கதையைச் சொன்னார். ஒரு காலத்தில் பெரிய இடத்தில் ஆடினவர். முழங்கையில் ஆபரேஷன், அப்புறம் இன்னொரு ஆபரேஷன், அதோடு எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். சீசனின் கடைசி மேட்சைப் பார்க்க மெக்சிகோவிலிருந்து ஒரு கிளப்பின் ஆள் வருகிறார். அன்றைக்கு இவர் வீசுவது அவருக்குப் பிடித்தால் அடுத்த வருஷம் மெக்சிகோவில் ஆடலாம். பிடிக்காவிட்டால் அதோடு பேஸ்பால் முடிந்தது. ஊரில் மச்சானுக்கு ஒரு மினி பஸ் இருக்கிறது, அதை ஓட்டப் போக வேண்டியதுதான்.

"அப்புறம் நானும் உன்னை மாதிரி டிரைவர்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஓட்டுவது அவ்வளவு கேவலமா என்று கேட்டே விட்டேன். மனிதர் பதறிப்போனார். பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு, அப்படி இல்லை, அப்படி இல்லை என்றார். "பஸ் நல்ல வேலை. ஆனால் நான் ஆசைப்பட்டுச் செய்த வேலை இது ஒன்றுதான்" என்றார். நான் ஆசைப்பட்டுச் செய்த வேலை எது என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். அதற்கு மேல் அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பந்து வீசப்போகிற நாளில் அந்த பிட்சரிடம் யாரும் பேசக் கூடாது. இது தெரியாமல், அவருடைய முறை வந்த முதல் நாள் காலையில், "குட் மார்னிங், சாப்பிட்டாச்சா?" என்று நான் வழக்கம்போலக் கேட்டேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் அவரே விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த நாட்களில் கண்ணாடியில் அவரை ஒரு தரம் பார்த்துக்கொள்வதோடு சரி.

இன்னொரு வழக்கம்தான் எனக்கு அடியோடு ஏறவில்லை. ஒருநாள் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மைதானத்துக்குள்ளிருந்து ஒரு பந்து கேலரியைத் தாண்டி வந்து முன் டயர் பக்கத்தில் விழுந்தது. எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். கேட்டில் நின்ற நேபாளி செக்யூரிட்டி சிரித்தான். "ரக் லோ பாய்" என்றான், நீயே வைத்துக்கொள் என்று. நான் நம்பவில்லை. நம் மணல் திடலில் பந்து பக்கத்து காம்பவுண்டுக்குள் போய்விட்டால், சுவர் ஏறி, வாட்ச்மேன் கையைக் காலைப் பிடித்து அதை வாங்கி வரும்வரை ஆட்டம் நிற்கும். இங்கே அம்பயர் இடுப்பில் ஒரு பை நிறையப் பந்து வைத்திருக்கிறார். ஒன்று வெளியே போனால் அந்த நொடியே இன்னொன்று உள்ளே வரும். கூட்டத்துக்குள் விழுந்த பந்து, பிடித்தவனுடையது. அன்றைக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சிவப்பு நூல் தையல் போட்ட, கல் மாதிரி கனமான பந்து. மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், நான் ஏதோ அந்த அணியிலேயே ஆடுகிற மாதிரி இங்கிலீஷில் அளந்துவிட்டு வந்தாள்.

கடைசி மேட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சீசன் முழுக்க கேலரி காலியாகவே கிடந்ததால், அன்றைக்காவது கூட்டம் தெரியட்டும் என்று கேம்ப் ஆட்களை அழைத்திருந்தார்கள். இலவச அனுமதி, ஒரு தொப்பி, ஒரு பிரியாணிப் பொட்டலம். வண்டி பற்றாததால் அணியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, நானே அல் கூஸுக்குப் போய் என் பழைய ஆட்களை ஏற்றி வந்தேன். வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேஸ்பாலை அக்குவேறு ஆணிவேறாக விளக்கிக்கொண்டு வந்தேன். பந்து மட்டையில் படாமல் மூன்று தரம் ஏமாந்தால் ஆள் அவுட் என்பதைச் சொன்னேன். மெக்சிகோக்காரர் வருவதைச் சொல்லவில்லை, அது அவருடைய சொந்த விஷயம். பந்து கையில் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொன்னேன்.

முன் வரிசையில் ஒரு ஹெல்பர் உட்கார்ந்திருந்தான். பெரம்பலூர் பக்கம், எலக்ட்ரீஷியனுக்கு உதவியாள். எங்கள் கேம்ப் டீமில் பவுண்டரியில் நிற்பவன், அவன் எறிந்தால் பந்து நேரே கீப்பர் கைக்கு வரும்.

"வச்சுக்கலாம்னு சொல்றீங்க. வெளிய வரும்போது கேட்ல பைய செக் பண்ணுனா என்னண்ணே சொல்றது?" என்று கேட்டான்.

"யாரும் கேக்க மாட்டான்யா. அதான் அந்த ஆட்டத்தோட ரூலு."

"இந்த ஊர்ல எதண்ணே சும்மா குடுத்திருக்கான்?" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. கேம்ப் பாஸ் அவர்களை ஏற்றும்போதே, உள்ளேயிருந்து ஒரு துரும்பு வெளியே வரக் கூடாது, மாட்டினால் கம்பெனி பொறுப்பில்லை என்று இந்தியில் இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பேச்சுக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

அன்றைக்கு பந்து வீசுகிற முறை நம் டொமினிக்கன்காரருடையது. காலையில் கண்ணாடியில் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டு வந்தார். மெக்சிகோக்காரரும் வந்திருந்தார். அடிக்கிறவனுக்குப் பின்புறக் கேலரியில், வெள்ளைத் தொப்பி, கையில் பந்தின் வேகம் பார்க்கிற கருவி. நான் கம்பிவலையைப் பிடித்தபடி ஒரு கண்ணை ஆட்டத்திலும் ஒரு கண்ணை அந்தத் தொப்பியிலும் வைத்திருந்தேன்.

நம்மவர் பிரமாதமாக வீசினார். எங்கள் ஆட்கள் தப்புத் தப்பான இடத்தில் எல்லாம் கை தட்டினார்கள். பந்து உயரமாகப் போனாலே சிக்ஸர் என்று கத்தினார்கள், அது பிடிபட்டதும் அதற்கும் கத்தினார்கள். அவர்கள் சந்தோஷத்துக்குக் குறைச்சல் இல்லை.

ஆறாவது இன்னிங்ஸ். நம் அணி ஒரே ஒரு ரன் முன்னால் இருக்கிறது. எதிரணி ஆட்கள் இரண்டு பேர் மூலைகளில் ஓடத் தயாராக நிற்கிறார்கள். அடிக்க நிற்பவன் இரண்டு தரம் ஏமாந்துவிட்டான், இன்னும் ஒரு தரம் ஏமாந்தால் இவருக்கு ஆபத்து கழிந்தது. மெக்சிகோக்காரர் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். அப்போது வீசிய பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு எகிறி, எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்த கேலரிக்குள் போயிற்று. அப்படிப் போனால் ரன்னும் இல்லை, அவுட்டும் இல்லை. ஹெல்பர் எழுந்து ஒற்றைக் கையால் அதைப் பிடித்தான். கேம்ப்பே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

பிடித்தவன் பந்தை வாங்க யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் வரவில்லை. இதற்குள் அம்பயர் தன் பையிலிருந்து புதுப் பந்தை எடுத்து பிட்சரிடம் போட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் இவன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. மொத்த மைதானமும் இவனுக்காகத்தான் காத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

"தூக்கிப் போடுய்யா, ஆட்டம் நிக்குது பாரு" என்று யாரோ கத்தினார்கள்.

அவன் எறிந்தான். பவுண்டரியிலிருந்து எறிகிற அதே நேர்த்தியான எறி. பந்து மைதானத்துக்குள் விழுந்து எகிறியது. அதைப் பார்த்த அம்பயர் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். ஆனால் பிட்சர் அதற்குள் காலைத் தூக்கிவிட்டார், உடம்பை நிறுத்த முடியாது. வீசிவிட்டார். அந்தப் பந்து நேராக வந்து, கடைசி நொடியில் தரை பிளந்த மாதிரி கீழே இறங்கியது. அடிக்க நின்றவன் வெறும் காற்றை வெட்டினான். சீசன் முழுக்க நான் பார்த்ததிலேயே அழகான பந்து அதுதான். நான் வலையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். நம் ஆட்டக்காரர்கள் கையுறையைத் தட்டியபடி உள்ளே ஓடி வந்தார்கள்.

அம்பயரின் கைகள் இறங்கவில்லை. ஆட்டம் நிறுத்தப்பட்ட பிறகு வீசிய பந்து அது. செல்லாது. திரும்ப வீச வேண்டும்.

பிட்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எறிந்தது யார் என்று கேலரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி வீசினார். டக் என்று ஒரு சத்தம். பந்து இரண்டு ஆட்களுக்கு நடுவே போய் சுவரில் மோதியது. மூலையில் நின்ற இரண்டு பேரும் ஓடி முடித்து, எதிரணி ஒரு ரன் முன்னால் போய்விட்டது. மேனேஜர் மெதுவாக நடந்து வந்து கையை நீட்டினார், இவர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டு வெளியேறினார். வெள்ளைத் தொப்பிக்காரர் கருவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் காலியாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. மேட்ச் தோல்வியில் முடிந்தது. அணிக்கு அங்கேயே விருந்து, இரண்டு மணி நேரமாகும், அதற்குள் கேம்ப் ஆட்களைக் கொண்டுபோய் விட்டு வர வேண்டும். எல்லோரும் ஏற, நான் வாசலிலேயே ஹெல்பரை நிறுத்தினேன்.

"ஒன்ன யாருய்யா எறியச் சொன்னா? வச்சுக்கலாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

"நம்ம பொருள் இல்லையேண்ணே. திருப்பிக் குடுத்துட்டா பிரச்சனை இல்லன்னு நெனச்சேன்."

"ஒன்னால ஒரு மனுசன் பொழப்பே போச்சுய்யா!" என்று கத்தி, மெக்சிகோ விஷயத்தை எல்லோர் காதிலும் விழும்படி போட்டு உடைத்தேன். அவன் முகம் செத்துவிட்டது. பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டான். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வர மாட்டானாம்.

அந்த நேரம் பார்த்து அவரே வந்தார். விருந்துக்கு நிற்கவில்லை. தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, இது கேம்ப்புக்குப் போகிற டிரிப் என்பது தெரியாமல் நேராக ஏறி வந்தார். முதல் சீட்டில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். இது அல் கூஸ் போகிறது, உங்கள் அணிக்கு அப்புறம்தான் வருவேன் என்றேன். "போ. நானும் சும்மா வருகிறேன்" என்றார்.

"மெக்சிகோ?" என்று கேட்டேன்.

"மெக்சிகோ மாஃபி" என்றார். இந்த ஊரில் அவர் பொறுக்கிக்கொண்ட அரபிச் சொல் அது ஒன்றுதான் போலிருக்கிறது. இல்லை என்று அர்த்தம். பஸ்ஸில் இருந்த யாருக்கும் அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஹெல்பர் படியில் ஏறிக் கையைக் கூப்பினான். "மன்னிச்சுக்கங்க சார்" என்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் வரவில்லை. பந்தை எறிந்தது இவன்தான் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். ஏன் எறிந்தான் என்று கேட்டார். தன்னுடையது இல்லை என்று நினைத்தான், வைத்திருந்தால் திருட்டுப் பட்டம் வரும் என்று பயந்தான் என்றேன். அவர் நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியும்படி சொன்னார். "இவன் எறிந்ததற்கு அப்புறம் என் கையில் ஒரு பந்து கொடுத்தார்கள். அதை வீசியது நான். சரியாக வீசவில்லை. அடிபட்டது என் பந்து, அவனுடையது இல்லை என்று அவனிடம் சொல்."

சொன்னேன். அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"நெசமாவே அப்படித்தான் சொல்றாரா? இல்ல, நீங்களா சேத்துச் சொல்றீங்களாண்ணே?"

"சத்தியமா அவர் சொன்னதுதான்யா."

கல்ஃபுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்தது ஒன்றுதான். தப்பு எங்கே நடந்தாலும் மேனேஜர் இன்ஜினியர் மேல் போடுவார், இன்ஜினியர் போர்மேன் மேல், போர்மேன் ஹெல்பர் மேல். ஹெல்பருக்குக் கீழே ஆள் கிடையாது. கொஞ்சம் முன்னால் நானும் அதே வரிசையில் நின்றுதான் கத்தியிருக்கிறேன். தன் தலையில் விழாத ஒன்றைக் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைத் திருத்துகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து, சீட்டைத் தட்டிக் காட்டினார். ஹெல்பர் நுனியில் உட்கார்ந்தான். இருவருக்கும் பேச ஒரு பாஷை கிடையாது. பாதி வழியில் அவர் தூங்கிவிட்டார். தோளில் கட்டியிருந்த பட்டை தளர்ந்து ஐஸ் பை நழுவ, ஹெல்பர் அதைப் பிடித்துத் தோளோடு சேர்த்து வைத்துக்கொண்டான். தண்ணீர் சொட்டி அவன் புதுச் சட்டை நனைந்துகொண்டே வந்தது.

கேம்ப் வந்தது. எல்லோரும் சத்தம் போடாமல், ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. எறங்குய்யா என்று சைகை காட்டினேன். கையை எடுத்தால் விழித்துக்கொள்வார் என்று அவனும் சைகையிலேயே சொன்னான்.

"நீங்க வண்டிய எடுங்கண்ணே," என்று மெல்லச் சொன்னான். "அவரு எந்திரிக்கிற வரைக்கும் நான் இருக்கேன்."

நான் கதவைச் சாத்தினேன்.